விட்டு விட்டு வரும் சூடு

இதைக் கேட்ட எல்லோரும் முதலில் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. ஆனால் இது நடந்தது என் கூடப் பிறந்த அக்காவுக்கு. பல்லியைக் கையால் பிடித்து ஜன்னலுக்கு வெளியே விடுகிறவள் அவள், லேசில் பயப்பட மாட்டாள். கடைசியில் அந்த ரப்பர் ஹோஸைத் தொட்டுப் பார்த்தவள் நான். அதனால் கட்டுக்கதை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அக்கா அத்தானுக்கு இரண்டாம் தாரம். மூத்த தாரம் நோயில் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் கழித்து நடந்த கல்யாணம். அத்தான் கார் மெக்கானிக். அதிர்ந்து பேசத் தெரியாதவர், வேலையில் படு சுத்தம். எந்தக் கிளிப்பை முடுக்கினாலும் அதன்மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பார். முடுக்கியாகிவிட்டது என்பதற்கு அடையாளம். மூத்தவளின் துணிமணிகளையெல்லாம் கல்யாணத்துக்கு முன்பே அவரே கொடுத்துவிட்டார். ஒன்றைத் தவிர. அவள் ஓட்டிய வெள்ளைக் கார்.

அந்தக் காரை அக்காவுக்குக் கண்ணில் காட்டக் கூடாது. மூத்தவள் குள்ளம். சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்டினாற்போல் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவாளாம். என் அக்கா நெட்டை. எப்போது ஓட்டினாலும் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் உட்காருவாள். மறுநாள் பார்த்தால் அது பழையபடி முன்னால் வந்திருக்கும்.

"லாக் தேஞ்சிருக்கு. தானா நழுவுது," என்பார் அத்தான்.

நழுவுகிற சீட் ஒரு நாளாவது பின்பக்கம் நழுவக் கூடாதா என்று அக்கா என்னிடம் புலம்புவாள்.

குளிர்காலம் வந்தது. ஹீட்டர் தகராறும் கூடவே வந்தது. அக்காவுக்கு ஒரு கிளினிக்கில் மருந்து கொடுக்கிற வேலை. காலையில் அத்தான்தான் கொண்டுபோய் விடுவார். போகிற வழியெல்லாம் ஹீட்டரிலிருந்து ஐஸ் காற்று வரும். கால் விரல் மரத்துப்போகும்.

"விட்டு விட்டு வேலை செய்யுது. என்ன கோளாறுன்னு பார்த்துட்டிருக்கேன்."

ஒரு நாள் தெர்மோஸ்டாட் என்றார். ஒரு நாள் கூலண்ட் குறைச்சல் என்றார். இன்னொரு நாள் உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்றார். சாயங்காலமானால் ஷெட்டில் காருக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். ஒரு மணி நேரம் கழித்து வருவார். ஸ்வெட்டர் கழற்றித் தோளில் கிடக்கும். முகம் சிவந்திருக்கும். கை வெதுவெதுவென்று இருக்கும்.

"இப்ப நல்லா வந்துச்சு," என்பார்.

அக்கா போய் உட்கார்ந்தால் ஐஸ்.

ஒரு சாயங்காலம் அவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். கார் ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் ஓட்டுகிற சீட்டில் இல்லை, பக்கத்து சீட்டில் இருந்தார். ஓட்டுகிற சீட் காலி. ஆனால் இன்ஜின் சத்தம் ஏறியது... இறங்கியது... மறுபடி ஏறியது. ஆக்சிலேட்டரை யாரோ மிதித்து மிதித்து விடுவது போல.

அன்றைக்குத்தான் எனக்கு போன் பண்ணினாள். குரலில் பயமே இல்லை. வயிற்றெரிச்சல். "உயிரோட இருக்கிறவளா இருந்தா தலைமுடியைப் பிடிச்சுச் சண்டை போடலாம். செத்தவளோட எப்படிடி மல்லுக்கட்டுறது? சிரிச்சுக்கிட்டே வராருடி அந்த வண்டியிலேருந்து. என்கிட்ட ஒரு நாள் அப்படிச் சிரிச்சதில்ல."

கார் இருக்கிறவரை அந்த வீட்டில் தான் வெறும் விருந்தாளி என்று அவளுக்குப் பட்டுவிட்டது. அத்தானிடம் நேராகவே கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஹீட்டர் சரியாகணும். இல்லன்னா வித்துடணும்."

"சரி," என்றார் அவர்.

சனிக்கிழமை அவர் பட்டறைக்குப் போனதும் அக்கா ஒரு வேலை செய்தாள். ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தாள். மூடியில் எது எதற்கு என்று படம் போட்டிருக்கும். ஹீட்டர் ஃபேனுடைய ஃப்யூஸைப் பிடுங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். இனி அந்த ஹீட்டர் சூடாகவும் ஊதாது, குளிராகவும் ஊதாது. நாளைக்குக் கார் போய்விடும்.

சாயங்காலம் அத்தான் வழக்கம்போல ஷெட்டுக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். ஸ்வெட்டர் தோளில்.

"இன்னிக்கு மாதிரி என்னைக்குமே வந்ததில்ல."

அக்கா அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

ஃப்யூஸ் அவள் பையில்தான் இருந்தது.

அவர் குளிக்கப் போனார். அக்கா ஷெட்டுக்குப் போனாள். இருட்டிவிட்டது. இன்ஜின் அணைந்திருந்தது, சாவி அவள் கையில். சீட்டைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். ஹீட்டர் துவாரத்தில் கை வைத்தாள்.

ஜில்லென்று இருந்தது. காற்றே இல்லை.

"அப்போ எங்கேருந்துடி வந்துச்சு," என்று வாய்விட்டே கேட்டிருக்கிறாள்.

ஹா...

சூடாக ஒரு காற்று பட்டது. நின்றது.

ஹா...

மறுபடி பட்டது. நின்றது. கை இன்னும் துவாரத்தின் மேல்தான் இருந்தது. துவாரம் ஜில்லென்றுதான் இருந்தது. சூடு பட்டது அங்கே இல்லை.

அவளுடைய பிடரியில்.

விட்டு விட்டு வந்தது. மூச்சு மாதிரி.

டக்.

சீட் ஒரு பல் முன்னால் நகர்ந்தது.

டக்... டக்...

முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

டக்.

நெஞ்சு அழுந்தியது.

ஹா...

எப்படியோ கதவைத் திறந்து பக்கவாட்டில் நழுவித் தரையில் விழுந்தாள். முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் அத்தான் அவளுக்கு முன்னால் எழுந்துவிட்டார். "ஹீட்டர் சரியாகாது. குடுத்துடலாம்," என்றார். ஒரு முகச்சுளிப்பு இல்லை. பழைய வண்டிகளை உடைக்கிறவர் வந்து காரை இழுத்துக்கொண்டு போனார். அன்று அக்கா என்னை வரவழைத்து எனக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் போட்டாள். ஜெயித்துவிட்டாளாம்.

ஒரு வாரம் கழித்து அந்த வண்டி உடைக்கிறவர் போன் பண்ணினார். பின்சீட்டுக்கடியில் ஒரு வளையல் கிடக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். நானும் கூடப் போனேன். கார் பாதி பிரிந்து கிடந்தது. போகிற போக்கில் அக்கா கேட்டாள்.

"ஹீட்டர்ல என்னதாங்க கோளாறு?"

"கோளாறா? ஹீட்டரே கிடையாதேம்மா." பானெட்டுக்குள் கையை விட்டுக் காட்டினார். "இன்ஜின்ல சூடான தண்ணி இந்த ஹோஸ் வழியா உள்ள போகணும், அந்த ஹோஸ் வழியா வெளிய வரணும். ஹீட்டர் ஒழுகியிருக்கும் போல. யாரோ ரெண்டையும் இங்கேயே ஒண்ணா சேர்த்துட்டாங்க. தண்ணி உள்ள போகவே வழியில்ல. இதுல எப்படிச் சூடு வரும்?"

"இது எப்பப் பண்ணினது?"

"ரப்பர் கல்லாயிடுச்சு, கிளிப்பும் துரு ஏறிப்போச்சு. அஞ்சாறு வருஷமாவது இருக்கும்."

அக்காவுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம்தான் ஆகிறது.

நான் குனிந்து ஹோஸைத் தொட்டேன். விறைத்துப்போயிருந்தது. கிளிப்பைத் திருப்பினேன். துருவுக்கு நடுவில், மங்கலாக, ஒரு மஞ்சள் பொட்டு.

அக்கா அதைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "அவருக்குத் தெரியும்டி. தெரிஞ்சுதான் தினமும் போயிருக்கார்."

இவ்வளவு தெரிந்தும் அவள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம். காரைப் பற்றி அவரும் வாயே திறக்கவில்லை. அத்தனை ஆசையாக வைத்திருந்த கார், போனதற்கு ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

போன வாரம் அவர்கள் வீட்டில் தங்கினேன். நல்ல குளிர். அக்கா இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். அத்தான் அரைக்கைச் சட்டையோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

"குளிரலையா அத்தான்?"

"இந்த வீட்ல குளிரே இல்லையேம்மா," என்று சிரித்தார்.

அவருக்குப் பக்கத்து நாற்காலி அக்காவுடையது. மேஜையோடு ஒட்டினாற்போல் கிடந்தது. அக்கா அதைப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தினமும் காலையில் அப்படித்தான் இழுத்துப் போட வேண்டியிருக்கிறதாம்.