அவிழ்த்துக் கொட்டிய சிப்பி மூட்டைகள்

ஆறு வருஷத்துக்கு முன், என் மூத்த மகளுக்கு நாலு வயது நடக்கும்போது, தஞ்சோங் காத்தோங் கடற்கரையில் நடந்தது இது. சிராங்கூன் சாலைப் பக்கம் சுண்ணாம்புக் காளவாயில் எனக்கு வேலை. மாட்டு வண்டியில் கடற்கரைக்குப் போய், ஒதுங்கிக் கிடக்கும் சிப்பியையும் சங்கையும் மூட்டை கட்டிக்கொண்டு வர வேண்டும். அவற்றைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுப்போம்.

அன்று என் மனைவி பிள்ளை பெற்று எட்டாம் நாள். மூத்தவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் எனக்குப் பயம். அலை இழுத்துவிடுமோ, வெயில் பட்டுக் காய்ச்சல் வருமோ என்று. போய்ச் சேர்ந்ததும் மாட்டை அவிழ்த்துவிட்டு, என் தலைப்பாகைத் துணியை மகள் இடுப்பில் கட்டி, மறுமுனையை வண்டியில் முடிந்தேன்.

நாலாவது மூட்டையைக் கட்டி முடித்தபோது, "அப்பா, இது நடக்குது" என்றாள்.

"அலை தள்ளுது கண்ணு."

"இங்க ஏது அலை? கால் இருக்கு பாரு."

பார்த்தேன். விரல்நுனி அளவு சங்கு. அடியில் பொடிப்பொடியாகச் சிவந்த கால்கள். ஒரு குட்டி நண்டு காலிச் சங்குக்குள் குடியேறி, அதையும் இழுத்துக்கொண்டு போனது. அதற்குள் ஒன்பது வருஷம் சங்கு அள்ளியிருந்தேன், ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். நாலாம் வகுப்புப் பாடத்தில் இருந்ததோ என்னவோ.

"மூட்டைக்குள்ளயும் இருக்காப்பா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. உச்சிவெயிலுக்குள் சுமை போய்ச் சேராவிட்டால் காளவாயில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிடுவாரோ என்ற பயம் வேறு. ஆனாலும் நாலு மூட்டையையும் அவிழ்த்துக் கொட்டினேன். ஒவ்வொன்றாகக் குலுக்கினேன், காதில் வைத்துப் பார்த்தேன். எதில் உயிர் இருக்கிறது, எது வெறும் ஓடு என்று தெரியவில்லை. மகள் அழத் தொடங்கினாள்.

பக்கத்தில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மாள் சிரித்துக்கொண்டே வந்தார். "சபார், தம்பி" என்று பொறுமையாக இருக்கச் சொல்லி, என் கையிலிருந்த சங்கை வாங்கிக் கீழே வைத்தார். குவியலைப் பரப்பிவிட்டு எங்களையும் உட்கார வைத்தார். குலுக்கினால் உள்ளே ஒளிந்துகொள்ளும், விட்டுவிட்டால் தானாகப் போகும் என்று மலாயில் சொன்னார்.

சும்மா உட்காருவது எனக்கு வராத வேலை. சூரியனைப் பார்த்தேன், மாட்டைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு சங்கு அசைந்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் குவியலின் ஓரமே கலைந்து தண்ணீரைப் பார்த்து நகர்ந்தது. மகள் பின்னாலேயே ஓடப் பார்த்தாள். துணி பிடித்து இழுத்தது. அந்த அம்மாள் துணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முடிச்சை அவிழ்த்துவிட்டேன்.

மிஞ்சிய வெறும் ஓடுகளை மூட்டை கட்டிக்கொண்டு காளவாய்க்குத் தாமதமாகத்தான் போனோம்.

"என்னய்யா, சங்கெல்லாம் நடந்தே வந்துச்சா?" என்றார் மண்டோர்.

"இல்ல மாமா, அதெல்லாம் நடந்து வீட்டுக்குப் போயிருச்சு" என்றாள் மகள்.

அவர் சிரித்துவிட்டார். என் வேலையும் தப்பியது.

இன்றும் மூட்டை கட்டுமுன் சிப்பியைப் பரப்பிவிட்டு, ஒரு வெற்றிலை போடும் நேரம் உட்காருகிறேன். இப்போது பிள்ளைகள் நாலு, பயமும் நாலு பங்காகிவிட்டது. ஆனால் சங்குகள் கடலைப் பார்த்து நடக்கிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் பயம் என்னிடம் வருவதில்லை.