உலைக்கு ஒரு முழம் பூ

என் அடையாள அட்டையில் பதவிக்கு நேராக ‘வாழ்க்கை மாற்ற ஆதரவாளர்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் இஸ்திரி போடுபவர் அதைப் படித்துவிட்டு, வீடு மாற்றினால் சாமான் ஏற்றி இறக்க ஆள் அனுப்புவீர்களா என்று கேட்டார். பக்கத்து வீட்டம்மா ஒரு படி மேலே போய் மகளுடைய ஜாதகத்தையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் செய்வது என்னவென்று எனக்கும் ஒரே வரியில் சொல்ல வராது. வேலை போனவர்கள், விபத்தில் கை கால் இழந்தவர்கள், புருஷனைப் பறிகொடுத்தவர்கள் என்று, தலைகீழாகப் போன வாழ்க்கையோடு நிற்பவர்களுக்குச் சில மாதம் துணையாக இருப்பேன். வேறு வேலை தேட, தூக்கம் வராததற்கு டாக்டரைப் பார்க்க, வீட்டில் பேச முடியாததை யாரிடமாவது பேச. முக்கால்வாசி நேரம் வாயை மூடிக்கொண்டு கேட்பதுதான் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் அதுதான் எனக்குக் கஷ்டமான வேலையும்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு தொழிற்சாலை. இரும்பை உருக்கி வார்த்து, கடைந்து, லாரிகளுக்கு உதிரி பாகம் செய்கிற இடம். இனி உருக்குவது கட்டுப்படியாகாது, வார்த்த இரும்பை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்து, உலைப் பிரிவை மட்டும் மூடிவிட்டார்கள். அங்கே இருந்தவர்களுக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். கடைசல் பிரிவு எப்போதும்போல ஓடியது. ஷிப்டுக்கு ஷிப்ட் சங்கும் ஊதியது. அனுப்பப்பட்டவர்களைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லி எங்கள் அமைப்பைக் கூப்பிட்டார்கள். அப்படித்தான் அந்த மனிதர் எனக்குப் பழக்கமானார்.

ஐம்பதைத் தாண்டியவர். உலையில் நின்று நின்று இரண்டு முன்கையிலும் பொரிப் பொரியாகச் சூட்டுத் தழும்பு. முதல் நாள் மற்றவர்களெல்லாம் அடுத்த வேலையைப் பற்றிக் கேட்டார்கள், பிள்ளைகள் படிப்பைப் பற்றிக் கேட்டார்கள். இவர் எல்லாரும் போகும்வரை காத்திருந்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“வூட்டுக்கு ஃபோன் பண்ண மாட்டீங்கள்ல மேடம்?”

வேலை போனதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. காலை ஷிப்ட் வாரத்தில் காலையில் கிளம்பினார், மாலை ஷிப்ட் வாரத்தில் மதியம் கிளம்பினார். வந்த தொகையை பேங்கில் போட்டுவிட்டு மாதம் பிறந்ததும் சம்பளம்போல எடுத்துக் கொடுத்தார். வீடு காசிமேட்டுப் பக்கம் என்பதாலும், கம்பெனி ஆட்கள் வேறு யாரும் அந்தத் தெருவில் இல்லை என்பதாலும் விஷயம் வெளியே வரவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இரண்டு மூன்று சந்திப்புகளுக்குப் பிறகுதான் பதில் வந்தது. மனைவியின் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அண்ணன் தம்பிகளும் படகுக்காரர்கள். கட்டினால் கடலுக்குப் போகாத ஆளைத்தான் கட்டுவேன், சங்கு ஊதினால் வீட்டுக்கு வந்து சேருகிற ஆளைத்தான் கட்டுவேன் என்று வீட்டையே எதிர்த்து நின்று இவரைக் கட்டிக்கொண்டாராம்.

“அந்தச் சங்க நம்பித்தான் மேடம் என்னக் கட்டிக்கிச்சு. இப்ப போயி இன்னான்னு சொல்லுவேன்?”

எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எரிச்சல்தான் கூடுதல் என்று சொல்ல வேண்டும். மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் காவல் வேலை பார்த்துக் கொடுத்தேன், வேண்டாம் என்றார். காரணம் கேட்டால், அந்த உடுப்பை வீட்டில்தானே துவைக்கப் போட வேண்டும் என்றார். ஒரு பொய்க்காகக் கையில் வந்த சோற்றைத் தள்ளுகிற ஆளை என்ன செய்வது? ஒவ்வொரு முறையும் “இந்த வாரம் சொல்லிட்றேன்” என்று தலையாட்டுவார். அடுத்த வாரம் வந்து தலையைக் குனிந்துகொள்வார். நானாகப் போய்ச் சொல்லலாம் என்றால் அதற்கு வழியில்லை. வந்தவர் சம்மதிக்காமல் அவர் வீட்டாரிடம் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. விதி நல்ல விதிதான். ஆனால் காசிமேட்டில் ஒரு பெண், இல்லாத வேலைக்குப் புருஷனை நேரம் பார்த்து எழுப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

இப்படியே புரட்டாசி வந்துவிட்டது. புரட்டாசி என்றால் ஆயுத பூஜை. வருஷம் முழுக்க வெளி ஆள் நுழைய முடியாத கம்பெனி கேட், அன்று ஒரு நாள் வீட்டாருக்காகத் திறந்திருக்கும். பட்டுப் புடவையில் மனைவிமார்கள் வருவார்கள். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்த இயந்திரத்துக்கு ஓட்டுகிறவரே சந்தனம் குங்குமம் வைப்பார். வீட்டம்மா பூ கட்டுவார். புருஷன் எதன் முன்னால் நின்று சம்பாதிக்கிறான் என்று பெண்கள் பார்க்கிற ஒரே நாள் அது. இவர் மனைவி கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு முறைகூடத் தவறவிட்டதில்லை.

“பூஜைக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். அங்கே வந்து வேறு யார் வாயாலோ தெரிந்துகொள்ளக் கூடாது” என்று கண்டிப்பாகச் சொன்னேன். சரி என்றார். ஆனால் பூஜைக்குச் சில நாள் இருக்கும்போது அவருக்குப் பதிலாக அவருடைய தோஸ்து வந்து நின்றார். கடைசல் பிரிவில் இன்னும் வேலையில் இருப்பவர்.

“நீங்க ஒண்ணும் பேஜாராவாதீங்க மேடம். அன்னிக்கு ரிட்டையர் ஆனவங்களே குடும்பத்தோட வர்றாங்க, கேட்ல யாரும் கேக்க மாட்டான். செக்ஷன் மாத்திட்டாங்கன்னு சொல்லி என் பக்கத்து லேத்தாண்ட நிக்க வெச்சிட்றோம். அண்ணி பூ போட்டு, பொரி வாங்கிக்கினு போயிடுவாங்க.”

“அடுத்த வருஷம்?”

“அத்த அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

நாடகத்துக்கு வேஷம் தேடுகிற நேரத்தில் நாலு வார்த்தை சொல்லி முடித்துவிடலாமே என்று பிடிபிடியென்று பிடித்தேன். அவர் கோபப்படவில்லை.

“நீங்க அவன் உலையாண்ட நின்னு பாத்ததில்ல மேடம். இப்ப ஆளே பாதியாப் பூட்டான். பொண்டாட்டி முன்னால ஒரு நாளு ஒரு மிஷினாண்ட நிமிந்து நிக்கட்டுமே.”

எனக்கும் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்திருந்தது. போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் கடைசி நிமிஷத்திலாவது அவர் சொல்லிவிட மாட்டாரா என்று எனக்கு ஒரு நப்பாசை.

ஆயுத பூஜை அன்று அவர் மனைவியை முதன்முதலாக கேட்டில்தான் பார்த்தேன். அரக்குப் பட்டு, கையில் வாழை இலையில் சுற்றிய கதம்பம். காவலாளியிடம் நின்று அவர் மகளுக்குப் பிரசவம் ஆகிவிட்டதா, என்ன குழந்தை என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல அப்படி ஒரு உரிமை. செக்ஷன் மாறின கதையைப் புருஷன் வீட்டிலேயே சொல்லியிருந்தார். என்னை “ஆபீஸ் மேடம்” என்று அறிமுகப்படுத்தினார். அந்த அம்மா சிரித்து, பூவில் ஒரு கண்ணி கிள்ளி தலையில் வைத்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் நீட்டினார். நானும் வைத்துக்கொண்டேன்.

கடைசல் பிரிவில் வாழைக்கன்று கட்டி, கலர் காகிதத் தோரணம் விட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு காதைப் பிளந்தது. புருஷன் அந்த லேத்துக்குச் சந்தனம் வைத்தார். பழகாத இயந்திரம், எங்கே வைப்பது என்று விரல் ஒரு நொடி தடுமாறியது. அந்த அம்மா பூவைக் கட்டி, கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூசணிக்காய் உடைத்தார்கள், பொரிப் பொட்டலமும் ஸ்வீட் பாக்ஸும் கைக்கு வந்தன. தோஸ்து என்னைப் பார்த்து, முடிந்தது என்பதுபோலக் கண்ணைக் காட்டினார். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது.

அந்த அம்மா இலையைப் பிரித்துப் பார்த்தார். “பூ மீதி கீது. உலைக்கும் ஒரு முழம் போட்டுட்டு வந்துட்றேன்.”

“அது பூட்டிக் கீது” என்றார் புருஷன்.

“பூட்டிக் கீதுன்னா கதவுல சாத்திட்டு வர்றேன். இத்தினி வருஷம் சோறு போட்டுச்சு. செக்ஷன் மாறினா மறந்துட்றதா?”

“குப்பையும் கூளமுமா கீது அண்ணி, பட்டு அழுக்காவும்” என்று தோஸ்து குறுக்கே வந்தார். அதற்குள் அந்த அம்மா நடக்க ஆரம்பித்துவிட்டார். கேட்டிலிருந்து லேத் வரைக்கும் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார்கள். இதை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. காலில் ஸ்பானர் பட்டால்கூடத் தொட்டுக் கும்பிடுகிற ஆட்கள், இத்தனை வருஷம் பூக் கட்டிய உலைக்கு நன்றி சொல்ல ஒரு பெண் போவாள் என்பதை எப்படி மறந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனால் உலைக்கூடம். அந்த அம்மாவுக்கு வழி தெரியும். பின்னாலேயே மூன்று பேரும் போனோம். கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே உலை இல்லை. அது இருந்த இடத்தில் சதுரமாக ஒரு பள்ளம், அடியில் மழைத் தண்ணீர். வெட்டிய கேபிள் துண்டுகள் சுவரோரம் தொங்கின. கூரைத் தகட்டில் புறாக்கள் முனகிக்கொண்டிருந்தன. அந்த அம்மா பூவைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் நின்றார்.

“எங்க?”

“வித்துட்டாங்க அண்ணி” என்றார் தோஸ்து.

“சரி. உங்கூட நின்னவங்கல்லாம்? அந்த மீசக்காரரு, எண்ணூரு அண்ணன், ஒருத்தரக்கூட இன்னிக்கு நான் பாக்கலியே. அவங்கல்லாம் எந்த செக்ஷன்ல கீறாங்க?”

புருஷன் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தோஸ்து தரையைப் பார்த்தார். அந்த அம்மா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தார்.

“நீங்க எந்த ஆபீஸு மேடம்?”

எத்தனையோ வீடுகளில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இதற்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மை என்னுடையதும் இல்லை. புருஷனைப் பார்த்தேன். சொல்லித் தொலையேன் மனுஷா என்று உள்ளுக்குள் கத்தினேன்.

“வேல போனவங்களுக்கு ஒத்தாசையா வர்றவங்க” என்றார், பள்ளத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. “எனக்காவத்தான் வர்றாங்க.”

அந்த அம்மா அழவில்லை. ஒலிபெருக்கிப் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“எப்பலேர்ந்து?”

“சித்திரலேர்ந்து.”

“கட்டிக் குடுத்த சோத்த எங்க குந்திக்கினு துன்ன?”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றேன். ஷிப்ட் நேரம் முழுக்கக் கும்மிடிப்பூண்டி ரயிலில் போய் வந்துகொண்டு, அதிலேயே சோற்றைச் சாப்பிடுவதாக அவர் ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். வேலை போன செய்தியைத் தாங்கிய அந்த அம்மாவின் முகம், என் ஒரு வார்த்தையில் வாடியதைப் பார்த்தேன். அந்த வார்த்தையைத் திரும்ப விழுங்க முடிந்தால் விழுங்கியிருப்பேன்.

பள்ளத்தின் ஓரத்தில், சிமெண்ட் விளிம்பில், பட்டுப் புடவையோடு அந்த அம்மா உட்கார்ந்தார். பக்கத்தில் தட்டிக் காட்டி, “குந்து” என்றார். புருஷன் உட்கார்ந்தார்.

“அவங்ககிட்ட சொன்னதெல்லாம் எங்கிட்ட சொல்லு. மொதல்லேர்ந்து சொல்லு.”

அவர் தொண்டையைக் கனைத்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், இத்தனை மாதமும் என் அறையில் செய்து பழகியதுபோல, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அவங்கள இன்னாத்துக்குப் பாக்கற?” என்றார் அந்த அம்மா. “நான் இங்க கீறேன்.”