பத்தரைக்குள் போட்ட ஊசி

நர்மதா செய்யும் வேலையை அவள் ஊரான ஜலகண்டாபுரத்தில் யாருக்கும் விளக்க முடியாது. "ஸ்கேன் சென்டர்ல இருக்கறனுங்க" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். கதிரியக்கம் என்று வாயைத் திறந்தால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார ஆள் இருக்காது. சேலத்தில் ஒரு தனியார் சென்டர். பதினோரு வருஷமாகக் காலையில் முதலில் உள்ளே போகிறவள் அவள்தான். ஈயக் கவசத்துக்குள் இருக்கும் ஜெனரேட்டர் என்ற சிறு கலனிலிருந்து, அதில் ஊறும் காலியம் என்ற கதிரியக்கத் திரவத்தை இறக்குவாள். அதற்கு அங்கே 'கறப்பது' என்று பேர். கறந்ததில் பாதி வீரியம் ஒரு மணி சொச்சத்தில் போய்விடும் என்பதால் எல்லாமே ஓட்டம்தான்.

முன்பெல்லாம் அந்தக் காலியத்தை, புற்றுநோய் இருக்கும் இடத்தில் போய் ஒட்டிப் படத்தில் புள்ளியாகக் காட்டும் மருந்தோடு சேர்த்துச் சூடாக்கி, வடிகட்டிச் சுத்தமாகத் தர ஒரு மெஷின் இருந்தது. முக்கால் மணி நேரம் இழுக்கும். போன வருஷம் அதற்கு உறை போட்டு மூலையில் தள்ளிவிட்டு கிட் வாங்கினார்கள். குப்பியில் பொடி இருக்கும். காலியத்தை ஊற்று, பத்து நிமிஷம் வை, முடிந்தது. வசதிதான், யார் இல்லையென்றது? ஆனால் கிட்டில் வடிகட்டும் வேலையே கிடையாது. பொடியோடு ஒட்டாத காலியம் அப்படியே ஆளின் ரத்தத்தில் போய்ச் சுற்றும். படம் மங்கும், சின்னப் புள்ளி ஏதாவது இருந்தால் அந்த மங்கலில் மறைந்தே போகும். அதனால்தான் ஒரு சொட்டை ஸ்ட்ரிப் என்ற சோதனைக் காகிதத்தில் வைத்து, இருபது நிமிஷம் காத்திருந்து, தொண்ணூற்றைந்து சதவீதத்துக்குமேல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே ஊசியை எடுக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை திருச்செங்கோட்டிலிருந்து சடையன் வந்தார். போர்வெல் போடும் ரிக் லாரியில் நாற்பது வருஷம் டிரைவர், வயது அறுபத்தாறு. புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று முன்பே உறுதியாகிவிட்டது. அது அங்கேயே நிற்கிறதா, எலும்புக்குப் பரவிவிட்டதா என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன். நின்றிருந்தால் வெட்டி எடுக்கலாம். பரவியிருந்தால் வைத்தியமே வேறு, அதையும் உடனே ஆரம்பிக்க வேண்டும்.

மருந்து தயாரானபோது மணி பத்து பத்து. ஸ்ட்ரிப்பில் சொட்டு வைத்து நிமிர்ந்தால், கதவருகே சடையனின் மனைவி மாரக்காள் நிற்கிறாள்.

"சாமி, பத்தரைக்கு ராகு காலம் பொறக்குதுங்க. அதுக்குள்ள ஊசியப் போட்டுருங்க."

"ஒரு டெஸ்ட் பாக்கோணுமுங்க. இருவது நிமிசம் ஆகும்."

"அப்ப பன்னெண்டுக்கு மேல போடுங்க. ராகு காலத்துல மட்டும் வேண்டாங்க."

பன்னிரண்டுக்குக் குப்பியில் என்ன மிச்சமிருக்கும்? அது ஒரு காரணம். இன்னொன்றை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எத்தனை படித்து என்ன, ராகு காலம் என்றால் அவளுக்கும் பயம்தான். அவள் அப்பாவை ஆபரேஷனுக்கு உருட்டிக்கொண்டு போனது ராகு காலத்தில். பிணமாகத்தான் திரும்பி வந்தார். தவிர, இத்தனை மாதமாக ஸ்ட்ரிப் ஒருநாள்கூடக் காலை வாரியதில்லை. அளக்காமலே ரெஜிஸ்டரில் தொண்ணூற்றாறு என்று எழுதினாள். பத்து இருபத்துநாலுக்கு ஊசி ஏறியது.

"எங்கியாச்சும் வலி இருக்குதுங்களா, ஐயா?"

"அதெல்லாம் இல்ல சாமி. இந்த இடுப்பெலும்புதான் ரெண்டு மாசமாக் கொடையுது. சீட்டுலயே உக்காந்த ஒடம்பு, வேற என்ன."

திரும்பி வந்து ஸ்ட்ரிப்பை அளந்தாள். எண்பத்தொன்று. மறுபடி அளந்தாள். எண்பத்தொன்றுதான். ஜெனரேட்டருக்கு வயசாகிவிட்டது, வயசானால் காலியம் சரியாக ஒட்டாது, புதுசு வரப் பத்து நாள் ஆகும் என்பது அவளுக்குத் தெரியாததா?

ஒரு மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் இதயமும் ரத்தக்குழாய்களும் புகை மூட்டமாகத் தெரிந்தன. டாக்டர் இம்தியாஸ் புருவத்தைச் சுருக்கினார். "ஒட்டாத காலியம் இருந்தா இப்படித்தான் வரும். ஸ்ட்ரிப் எவ்வளவும்மா?"

"தொண்ணூத்தாறுங்க, சார்."

பாழாய்ப்போன வாய், எழுதியதைத்தான் சொன்னது. டாக்டர் ரெஜிஸ்டரையும் பார்த்தார். எலும்பில் பரவல் தெரியவில்லை என்று ரிப்போர்ட் போனது. மாரக்காள் ரிப்போர்ட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நர்மதாவின் இரண்டு கையையும் பிடித்து, "நல்லா இருப்பீங்க சாமி" என்றாள்.

மூன்று மணிவரைதான் நர்மதாவால் தாங்க முடிந்தது. டாக்டரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "இடுப்புல வலின்னு சொன்னாரா? அதையும் நீ சொல்லலையே" என்றுமட்டும் கேட்டார். அவரே போன் போட்டு, ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம், திங்கட்கிழமை திரும்ப எடுக்கலாம் என்றார். மாரக்காளுக்கு அது ஏறவில்லை. நர்மதா போனை வாங்கினாள்.

"தப்பு என்மேலங்க. டெஸ்ட் பாக்காமப் போட்டுட்டேன். திங்கக்கெழம ஒம்போதுக்கு மேல, ராகு காலம் முடிஞ்சதும் போடறனுங்க. கூட்டிட்டு வாங்க."

"நல்ல நேரத்துல போட்ட ஊசி தப்பாகாதுங்க சாமி. பாக்கலாமுங்க."

திங்கட்கிழமை விடிந்ததும் வந்து மூலையில் கிடந்த மெஷினின் உறையைக் கழற்றினாள். சூடாக்கி, வடிகட்டி, ஸ்ட்ரிப் வைத்து, முழுதாக இருபது நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். தொண்ணூற்றொன்பது. இவ்வளவு சுத்தமான மருந்து அவள் கையில் வந்து எத்தனையோ நாளாயிற்று. மணி ஒன்பது அடித்தது, ஒன்பதரை ஆயிற்று. நாற்காலி காலியாகவே இருந்தது. போன் போட்டாள்.

"அவரு நேத்தே ரிக்கு வண்டியில கர்நாடகா போயிட்டாருங்க" என்றாள் மாரக்காள். "ஒரு ட்ரிப்பு முடிச்சுட்டு வந்து ஆபரேசன் பண்ணிக்கறாராம். போனும் எடுக்க மாட்டேங்குறாரு."

"இடுப்பு வலி எப்படிங்க இருக்குது?"

"அது கெடக்குதுங்க. கெளம்பறப்ப காலுக்கும் எறங்குதுன்னாரு. எலும்புல ஒண்ணுமில்லைன்னு நீங்கதான் சொல்லிட்டீங்களே சாமி, அந்தத் தெம்புலதான் கெளம்பிப் போயிருக்கறாரு."