மூன்றாவது பூச்சு

டவுன்ஷிப்பில் எங்களுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் தரைத்தளத்தில் இருந்தது. பின்கதவைத் திறந்தால் ஒரு சின்ன முற்றம், அதை ஒட்டிச் சவுக்குத் தோப்பு, அதற்கு அப்பால் கடல். முற்றம் முழுக்கக் கடல் மணல்தான். எதை நட்டாலும் ஒரு மாதத்தில் நுனி கருகிவிடும். நான் மண்தொட்டி வாங்கலாம் என்றேன். என் கணவருக்கு மரப்பெட்டிதான் வேண்டும். கணக்குப் பிரிவில் வேலை அவருக்கு. ஆறு நாள் காகிதத்தைப் புரட்டிய கைக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு ரம்பம் தேவைப்பட்டது.

செங்கல்பட்டில் என் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பழைய மரக்கடையில் பேக்கிங் பெட்டிப் பலகைகளைப் பொறுக்கி, கட்டாகக் கட்டி, பஸ்ஸில் போட்டுக்கொண்டு வருவார். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வோம். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, யாரோ மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

முதல் பெட்டிக்கு வெளிப்பக்கம் பச்சை எனாமல் பெயிண்ட் அடித்தார். கடையில் வாங்கியது போல இருந்தது. கத்தரி வைத்தோம். மழைக்காலம் முடிந்து, தை மாதம் அதை நகர்த்தலாம் என்று தூக்கினால், அடிப்பலகை அப்படியே தரையில் நின்றுவிட்டது. வெளியே பெயிண்ட் கெடவில்லை. உள்ளே மரம் டீயில் நனைந்த ரஸ்க் மாதிரி பிய்ந்தது. உப்புக்காற்றில் ஆணிகளும் துருப்பிடித்துப் போயிருந்தன. அவர் வருத்தப்படுவார் என்று பார்த்தேன். ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துக்கொண்டே, உள்ளே போன தண்ணி வெளியே வர வழியே இல்லாமல் நாமே பூட்டிவிட்டோம் என்றார். ஏதோ பரிசு கிடைத்தவர் போல இருந்தது அவர் முகம்.

அதற்கப்புறம் பெயிண்ட் கிடையாது. செங்கல்பட்டு பஜாரில் ஒரு பாயின் பெயிண்ட் கடையில் மரத்துக்குப் பூசும் லின்சீட் ஆயிலும், அதை நீர்க்கவைக்க டர்பன்டைனும் வாங்கி வந்தார். முதல் பூச்சில் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து தண்ணீர் மாதிரி அடிப்பார். மரம் அதைக் குடித்துவிடும். நன்றாகக் காய்ந்தபின் இரண்டாவது. மூன்றாவது, எண்ணெய் மட்டும். மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். பலகையின் வெட்டுமுனைதான் தண்ணீரை அதிகம் இழுக்கும் என்று அந்த முனைகளுக்கு மட்டும் திரும்பத் திரும்ப அடிப்பார். உள்ளே, மொட்டைமாடி விரிசலுக்குப் பூசும் தார். சாப்பிடுகிற கீரை, புதினா வைக்கும் பெட்டி என்றால் தார் இல்லை, கனமான பிளாஸ்டிக் ஷீட். ஆணிக்குப் பதில் பித்தளை ஸ்குரூ. அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. எண்ணெய்த் துணிகளைக் கொடியில் விரித்துப் போடுவது என் வேலை. ஒருமுறை சுருட்டி வாளியில் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அது தானாகச் சூடேறிப் புகைந்தது. அவர் ஓடிவந்து தண்ணீர் ஊற்றினார். அதைச் சொல்லிச் சொல்லியே பல வருஷம் சிரித்தார்.

முற்றம் நிறைந்தது. பெட்டிகள் மழையிலும் வெயிலிலும் அசையாமல் நின்றன. மகள் வளர்ந்து பொத்தேரிப் பக்கம் காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்தாள். வீட்டில் நாங்கள் இருவரும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கையிலிருந்து ஸ்குரூடிரைவர் நழுவியது. எடுத்தார், மறுபடியும் நழுவியது. எண்ணெய்க் கை என்று சொல்லிச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். பிறகு சட்டைப் பொத்தான் போட நேரமானது. சாவி திரும்பவில்லை. சென்னையில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். தசைகளை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துபோகிற நோய், மருந்து இல்லை என்றார். இன்னும் எவ்வளவு காலம் என்று நான் கேட்டதும் டாக்டர் ஃபைலைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில், மாமல்லபுரம் தாண்டியதும் அவர் சொன்னார்: "மழைக்கு முன்னாடி எல்லாப் பெட்டிக்கும் எண்ணெ அடிச்சிடணும்."

அப்போதும் ஒரு பெட்டி பாதியில் நின்றிருந்தது. ரம்பம் முதலில் என் கைக்கு வந்தது. பிறகு ஸ்குரூ. அவர் பலகையைப் பிடித்துக்கொள்வார், நான் முடுக்குவேன். அப்புறம் பிடிக்கவும் முடியவில்லை. மிஞ்சியது பிரஷ்தான், அதற்குக் கனம் இல்லை. பழைய வேட்டியைக் கிழித்து, பிரஷை அவர் உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டுவேன். பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, பெட்டியை ஸ்டூல் மேல் அவர் கைக்கு எட்டும்படி வைப்பேன். முதல் பூச்சையும் இரண்டாவதையும் அப்படித்தான் அடித்தார். மூன்றாவதைத் தொடங்கியபோது கை தோளிலிருந்தே வரவில்லை. தன் உடம்பைச் சாய்த்துச் சாய்த்து பிரஷை இழுத்தார். காலையில் உட்கார்ந்தவர் சாப்பாட்டு நேரம் வரை அடித்தார். நல்லா வந்திருக்கு என்று சொல்லி அவர் கையை அவிழ்த்துவிட்டேன்.

மறுநாளும் எண்ணெய் காயவில்லை. சில இடத்தில் தேங்கிப் பிசுபிசுவென்று நின்றது. கடற்காற்றில் வந்த மணல் அதில் ஒட்டியிருந்தது. சில இடத்தில் பிரஷ் படவே இல்லை. பின்கதவருகே நாற்காலியில் இருந்தபடி அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேச்சு அப்போதே குழற ஆரம்பித்திருந்தது. எனக்கும் மகளுக்கும்தான் புரியும்.

"தேச்சி எடுத்துடு" என்றார்.

"எதுக்குங்க? நல்லாத்தான கீது."

"நல்லா இல்ல. இந்த ஓரம் அப்படியே கெடக்கு பாரு. அங்க தண்ணி எறங்கும்."

"எறங்கட்டும். ஒரு பொட்டிதான."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "அப்ப எதுக்கு அடிச்சோம்?"

டர்பன்டைன் துணியும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். திருப்பவில்லை. தேய்க்கத் தேய்க்க உப்புத்தாள் எண்ணெயில் அடைத்துக்கொண்டது, தாளை மாற்றி மாற்றித் தேய்த்தேன். ஒரு மூலையில் அவருடைய சுண்டுவிரல் எண்ணெயில் இழுபட்டுப் போன தடம் நீளமாக இருந்தது. அங்கே வந்ததும் என் கை நின்றுவிட்டது.

"அங்கயும்" என்றார்.

அதையும் தேய்த்தேன். மரம் வெளுத்து வந்தது. துடைத்துவிட்டு, மூன்றாவது பூச்சை நான் அடித்தேன். எந்த முனைக்கு இன்னொரு தடவை வேண்டும் என்று கண்ணாலேயே காட்டினார். முடித்ததும் தலையை லேசாக அசைத்தார். அதற்குப் பிறகு அவர் பிரஷைக் கேட்கவில்லை. நானும் கட்டிவிடவா என்று கேட்கவில்லை. அன்று சாயங்காலம் சவுக்குத் தோப்புக்குள் கொஞ்ச தூரம் தனியாக நடந்துபோய் அழுதுவிட்டு வந்தேன்.

அந்த வருஷத்து மழையைக் கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தார். அடுத்த மழை வரை அவர் இருக்கவில்லை. கடைசி மாதங்களில் குரலும் போய்விட்டது. நான் பேசுவேன், அவர் கண்ணை மூடித் திறப்பார். எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. மகளுக்கு ஐடி கம்பெனியில் வேலை கிடைத்து ஊரப்பாக்கத்தில் வாடகைக்கு வீடு பார்த்திருந்தாள், இரண்டாவது மாடி. பால்கனியில் மண் பெட்டி எதுவும் வைக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் முன்னாலேயே சொல்லிவிட்டார். பெட்டிகளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். லாரி கிளம்பும்போது பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. என் நம்பரை மட்டும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள் ஃபோன் வந்தது. சின்னப் பெண்ணின் குரல், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. கல்யாணமான கையோடு வந்து நாங்கள் இருந்த வீட்டில் குடியிருக்கிறாளாம். பெட்டிகள் எல்லாம் ரொம்ப அழகு என்றாள்.

"அடியில ஓட்டை இருக்குதுங்க ஆன்ட்டி, தண்ணி ஒழுகி பின்வாசலெல்லாம் ஈரம். அதை அடைச்சிரலாமுங்களா?"

அடைக்கக் கூடாது என்றேன். அடைத்தால் வேரும் அழுகும், மரமும் அழுகும், பெட்டிக்கு அடியில் செங்கல் கொடுத்துத் தூக்கிவை, தண்ணீர் ஒரு பக்கமாக ஓடிவிடும் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"இதெல்லாம் யாருங்க ஆன்ட்டி செஞ்சது?"

"எங்க வூட்டுக்காரரு."

"அவர்கிட்ட கொஞ்சம் பேசலாமுங்களா?"

"அவரு இல்லம்மா."

"பரவால்லீங்க. வந்ததும் இந்த ஓட்டையப் பத்தி ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

திருத்திச் சொல்ல வாய் வரவில்லை. சரிம்மா, கேக்கறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் நானே கூப்பிட்டேன். "அடைக்க வோணாம்னு சொல்றாரும்மா" என்றேன். சாருக்கு நன்றி சொல்லச் சொன்னாள். மகள் வேலைக்குக் கிளம்பிப் போகும் வரை நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.