யட்சி என்று பேர் வாங்கிய வருஷம்

மழையில் நனைந்த பிச்சிப்பூவுக்குக் கனத்த ஒரு வாசனை உண்டு. பள்ளிக்கூடத்தின் இருட்டு மாடிப்படியில் அது எனக்கு முன்னால் ஏறிப்போய், நான் வருவதை எட்டாம் வகுப்புக்குச் சொல்லிவிடும். அப்பா திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசிக் கடையில் கணக்கெழுதினார். அம்மா நாகர்கோவில்காரி, பூ வைக்காத பெண்பிள்ளையைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது. வகுப்பிலிருந்த மலையாளப் பெண்களோ ஈரக்கூந்தலை விரித்துப்போட்டு, நுனியில் துளசி செருகி வருவார்கள்.

"மணம் வந்நு, இனி யட்சி வரும்" என்று முதலில் சொன்னவள் ஸ்ரீஜா. அந்த ஊர்ப் பேய்க்கதைகளில் யட்சி பாலை மரத்தில் இருப்பாள், பூவாசனை முன்னே வரும், கால் தரையில் பாவாது. அன்றிலிருந்து நான் நுழைந்ததும் வகுப்பே வாயை மூடிக்கொள்ளும். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. என் கால்களை மட்டும் பார்ப்பார்கள். நான் தொட்ட சாக்பீஸை எடுக்க மாட்டார்கள். டீச்சருக்கு அந்த அமைதி ரொம்பப் பிடித்திருந்தது.

பூ வேண்டாம் என்று அம்மாவிடம் கெஞ்சினேன். "தலை வெறிச்சுன்னு கெடந்தா நல்லாவா இருக்கும் மக்ளே? அவளுக சொன்னா சொல்லிட்டுப் போறாளுக" என்றாள். அதனால் பள்ளிக்கூட வாசலிலேயே பூவை எடுத்து ஓடையில் போட்டுவிட்டுப் படியேறினேன். அப்படியும் ஸ்ரீஜா மூக்கைப் பொத்தினாள், மற்றவர்களும் பொத்தினார்கள். அதைவிட மோசம், எனக்கே அந்த வாசனை வந்தது. கையை மோந்தேன், சட்டையை மோந்தேன், ஒன்றுமில்லை, அது எனக்குப் பின்னாலிருந்து, காலியான படிகளிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் குளித்த ஈரத்தோடு சிமெண்டுத் தரையில் நடந்து திரும்பிப் பார்த்தேன். விரல்கள் பதிந்திருந்தன, குதிகால் பதியவில்லை. சத்தம் கேட்காமல் இருக்க நுனிக்காலில் நடந்து பழகியிருந்தேன் என்பது வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. அன்றைக்கு எனக்கு என்னைக் கண்டே பயம். அம்மா கூப்பிட்டதற்குக் குரல் கொடுக்கவும் பயம்.

ஓண விடுமுறை முடிந்து, ஈரக்கூந்தலை விரித்து, சந்தனம் தொட்டு, தமிழ் வாடையே இல்லாத மலையாளத்தோடு போனேன். ஸ்ரீஜா பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அம்மா கொஞ்ச நாள் பூ வாங்கி வைத்துப் பார்த்தாள், பிறகு வாங்குவதை நிறுத்திவிட்டாள்.

இப்போது அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். போன மாதம் பழவங்காடி கோவில் முன்னால் ஸ்ரீஜா என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டாள். பழைய தோழிகளைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு, "நம்முடெ கிளாஸில் பூ வெச்சு வருந்ந ஒரு பாண்டிக்குட்டி உண்டாயிருந்நல்லோ, அவள் எவிடெ போயி?" என்று கேட்டாள். தமிழ்ப் பெண்களுக்கு அங்கே பாண்டிக்குட்டி என்றுதான் பேர். பாவம், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போய்விட்டாள் என்று நிஜமான வருத்தத்தோடு சொன்னாள். என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள்.

எனக்கும் தெரியாது என்று மலையாளத்தில் சொன்னேன்.