எரியாத யூதாஸைத் தைத்தவன்

எலாதியோ என்ற பெயரை நான் முதலில் கேட்டபோது மூன்றாவது பிள்ளையைப் பெற்றுப் படுத்திருந்தேன். மெத்தையில் எதுவோ முதுகைக் குத்தியது. "எலாதியோவக் கூப்பிடு, அந்தப் பய கைபட்டா முள்ளும் பஞ்சாயிரும்" என்றாள் மாமியார். அவளுக்கு ஒன்றுவிட்ட அக்காவின் கடைசி மகன் அவன். எனக்குக் கொழுந்தன் முறை. பதினைந்து வயதில் ஊசியும் சாக்குமாக வந்து நின்றவன் இன்றைக்கும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறான்.

வைக்கோலோ சோளத்தோலோ பஞ்சோ, எதுவானாலும் மூன்று நாள் கூரைமேல் காயப்போடுவான். பிறகு ஒரு பிடி எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பான். "இன்னும் அழுவுது" என்றால் ஈரம் இருக்கிறது, மறுபடி கூரைக்குப் போகும். மெரிதா நகருக்குப் போகும் மலைப்பாதையில் இந்தப் பக்கம் இருக்கிற ஊர்களில் அவன் தைத்த மெத்தை எதுவும் பூஞ்சை பிடித்ததில்லை.

ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் பொம்மையைத் தைப்பதும் அவன்தான், முப்பது வருடமாக. உயிர்ப்பு ஞாயிறு மாலை கோயில் முற்றத்தில் அந்தப் பொம்மையை எரிப்போம். அந்த வருடம் ஊருக்கு யார்மேல் கோபமோ அவன் சட்டையை அதற்கு மாட்டுவது வழக்கம். எலாதியோ அதற்கு முழங்கால்கூட வைத்துத் தைப்பான். "எரியப்போறவனுக்கு முழங்கால் எதுக்குடா?" என்று கேட்டால், "உக்கார வேண்டாமா?" என்பான்.

மூன்று வருடத்துக்கு முன் கசில்டாவின் மகன் ரெமிஹியோ குடித்துவிட்டுக் காப்பி மூட்டை லாரியைப் பள்ளத்தில் இறக்கினான். மூட்டைகளின்மேல் உட்கார்ந்து வந்த சொராய்தா செத்தாள். அவள் எலாதியோவின் ஒரே மகள். கசில்டாதான் அவளுக்கு ஞானத்தாய். ஞானஸ்நானத் தொட்டியில் பிள்ளையை ஏந்திய கை அவளுடையது. ரெமிஹியோ சிறைக்குப் போய்விட்டு இந்தத் தவக்காலத்தில்தான் திரும்பி வந்தான். வந்தவன் வெளியே தலைகாட்டவில்லை.

அவன் வந்த வார ஞாயிறு பார்த்தா கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கும் சின்னச் சாமி அப்படிப் பிரசங்கம் வைக்க வேண்டும்! ஆண்டவர் நிபந்தனை போடாமல் நேசிக்கிறார், நாமும் அப்படியே நேசிக்க வேண்டும் என்றார். பூசை முடிந்து வரும்போது எலாதியோ என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அக்கா, நிபந்தனை இல்லாமன்னா, அவன் மன்னிப்புக் கேக்குறதுக்கு முன்னாலயேவா?"

"அப்படித்தான் சொன்னாரு."

"கேக்கவே இல்லன்னா?"

"எனக்கென்னடா தெரியும்? நான் படிச்சது ரெண்டாம் வகுப்பு."

அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மெத்தை வேலையைப் போல அப்படி நேசிப்பதையும் செய்து பார்க்கலாம் என்று கிளம்பினான். ஒரு துணியில் நாலு அரேப்பா, சோள ரொட்டிதான், சுற்றிக்கொண்டு கசில்டா வீட்டுப் பக்கம் போவான். முக்கு திரும்பியதும் நின்று, நாலையும் தானே தின்றுவிட்டு வருவான். பாவத்தைச் சொல்லச் சின்னச் சாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். "அன்பு வர்ற வரைக்கும் ஜெபிக்கச் சொல்றாருக்கா. நான் கண்ண மூடுனா அவன் கழுத்துதான் தெரியுது" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது.

உயிர்ப்புக்கு மூன்று நாள் முன், பெரிய வியாழனன்று நிக்கனோர் ஒரு நீலச் சட்டையோடு வந்தான். யூதாஸ் வேலைக்கெல்லாம் அவன்தான் தலைவன். சட்டை ரெமிஹியோவுடையது, கசில்டாவின் கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"ஒனக்காகத்தாண்ணே. ஊரே சேந்து முடிவு பண்ணிருச்சு."

எலாதியோ சட்டையை வாங்கிப் புரட்டினான். "காலர்ல கசில்டா தையல்" என்று மட்டும் சொன்னான். வெள்ளியும் சனியும் கதவைச் சாத்திக்கொண்டு தைத்தான்.

ஞாயிறு மாலை முற்றம் நிரம்பி வழிந்தது. எரிக்கும் முன் கேலிக்காகப் படிக்கும் யூதாஸின் உயிலை நிக்கனோர் பாட்டாகப் படித்தான்: பாட்டிலை மாமனுக்கும் பள்ளத்தை ஊருக்கும் எழுதிவைத்தது அந்தப் பொம்மை. எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு தீ வைத்தார்கள். தீ எங்கே பிடித்தது? புகைதான். மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், சட்டைக் கை கொஞ்சம் கருகியது, புகை இன்னும் கெட்டியானது. பாடகர்கள் இருமினார்கள், கைப்பிள்ளைகள் அலறின. யூதாஸ் முழங்காலை மடக்கி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

நிக்கனோர் பொம்மையின் வயிற்றைக் கிழித்துக் கையை விட்டான்.

"ஈரம்! ஈர வைக்கோல அடைச்சிருக்கான்! யோவ், ஒன் மகளுக்காகத்தானேயா இவ்வளவும்?"

"ஈரம்னு தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் போட்டனான்னு தெரியல" என்றான் எலாதியோ.

"பொம்ம எரியலன்னா என்ன, ஆளு வீட்டுலதான இருக்கான்" என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். நாலைந்து பேர் கல் பொறுக்கினார்கள். கசில்டா வீடு என் வீட்டுக்கு எதிர்வீடு. நான் அவசரமாக வந்து கதவைச் சாத்தி, சன்னல் வழியாகப் பார்த்தேன். அவர்களுக்கு முன்னாலேயே எலாதியோ கோயில் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, அந்த வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"மன்னிச்சுட்டியா அவன?" என்று கத்தினான் நிக்கனோர்.

"இல்ல."

"அப்ப எந்திரி!"

"எந்திரிச்சா நீங்க எறிவீங்க."

"நீ எங்க பக்கமா, அவன் பக்கமா?"

"தெரியலடா. போ, போயிச் சாப்புடு."

கல்லைக் கீழே போட்டுவிட்டுப் போனார்கள். எலாதியோ விடியும்வரை போகவில்லை. மறுநாள் பகலிலும் வந்தான், அதற்கு மறுநாளும். சின்னச் சாமி அவனைப் பிரசங்கத்தில் புகழ்ந்தபோது எழுந்து வெளியே போய்விட்டான். "உள்ளதான் போயேண்டா" என்றேன் ஒருநாள். "போனா என்ன செய்வேன்னு எனக்கே தெரியலக்கா. கட்டிப் புடிப்பனோ, கழுத்த நெரிப்பனோ" என்றான். அவன் காவல் இருப்பது அவர்களிடமிருந்து ரெமிஹியோவுக்கா, தன்னிடமிருந்தா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கசில்டா தினமும் கதவை ஒரு சாண் திறந்து காப்பி நீட்டுவாள். நேற்று நீட்டிய கை அவளுடையது இல்லை. ரோமம் அடர்ந்த கை. எலாதியோ ஓரக்கண்ணால் அதைப் பார்த்தான். முகத்தைத் திருப்பவில்லை, கையை மட்டும் பின்னால் நீட்டி வாங்கிக்கொண்டான்.

இன்று மழை. இப்போது அவன் கசில்டாவின் வாசலில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான்.