ஒற்றைக்காலில் நின்ற கெப்பாசிட்டர்கள்

ரோடு போடுகிறவர்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒரு ஜாதி போட்ட ரோட்டில் நாம் நடப்போம், விழுவோம், எழுந்து திட்டுவோம். இன்னொரு ஜாதி போட்ட ரோட்டைப் பார்க்கவே லென்ஸ் வேண்டும். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருந்தால் சாப்பாட்டு நேரத்தில் என்ன நடக்கும் என்பதை அந்த மூன்றாவது மாடிக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

கொழுந்தன் சாலைத் துறையில் பொறியாளர். அண்ணி, மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டு வரைகிறவர். எந்தக் கருவியைத் திறந்தாலும் உள்ளே ஒரு பச்சை அட்டை இருக்குமே, அதில் எந்தப் பாகம் எங்கே உட்கார வேண்டும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் செம்புத் தடம் போடுவது அவர் வேலை. "எங்க அண்ணியும் ரோடுதான் போடறாங்க, மேஸ்திரி" என்று கொழுந்தன் ஊரெல்லாம் சொல்லி, ஒருநாள் ஆபீசுக்கே போன் செய்து "மேஸ்திரி இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டான். அன்றிலிருந்து ஆபீசிலும் அவர் மேஸ்திரிதான்.

புருஷன் நீச்சல் பயிற்சியாளர். தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு தெரிந்தவர் என்பதால் இந்த விவகாரங்களில் வாய் திறப்பதில்லை.

மேஸ்திரிக்கு நாற்பதை நெருங்கும் வயது. கம்பெனியில் சேர்ந்த நாள் முதல் மற்றவர்கள் வரைந்த போர்டுகளுக்கு ஒட்டுப்போடுவதே அவர் பிழைப்பாக இருந்தது. இங்கே சூடாகிறது, அங்கே கோடு இடிக்கிறது, வரைந்தவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், நீங்க பார்த்துக்கோங்க. அப்படிப் பார்த்துப் பார்த்தே பல வருடம் ஓடியபின், முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை தானே வரையும் ஒரு போர்டு கைக்கு வந்தது. வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பை வெளியே கேட்க வைக்கும் கைக்கருவி. பெரிய இயந்திரம் வாங்க முடியாத சின்ன மருத்துவமனைகளுக்கானது.

அதில் ஒரு சின்னச் சிக்கல். கருவிக்கு உள்ளே என்ன வரும் என்று யாரும் யோசிப்பதற்கு முன்பே, விற்பனைத் தலைவர் ஒரு சோப்புக் கட்டியின் வடிவத்தில் மனதைப் பறிகொடுத்து, பெட்டிக்கு அச்சு வார்க்கச் சொல்லிவிட்டார். சட்டையைத் தைத்து முடித்துவிட்டு அதற்குள் ஆளைத் திணிப்பது என்கிற முறை. மேஸ்திரி திணித்தார். மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கிவைத்துக் கொடுக்கும் எள் அளவுக் கெப்பாசிட்டர்களை ஒன்றோடொன்று தோள் உரச நிறுத்தி, அத்தனையையும் அந்தச் சோப்புக்குள் அடக்கினார்.

அடுத்த தொல்லை இரைச்சல். வயிற்றிலிருந்து வரும் சத்தம் மிகமிகச் சன்னமானது. போர்டு தானே கொஞ்சம் முணுமுணுத்தாலும் அது அமுங்கிப்போகும். போர்டின் அடியில் செம்பைத் தரைபோல விரித்திருப்பார்கள். பாகங்களின் ஒரு முனை அந்தத் தரையோடு சேரும். வழக்கமாக நேரடியாகச் சேர்க்காமல், நாலு மெல்லிய கைகள் பிடித்திருப்பது மாதிரி சேர்ப்பார்கள். ஒலியைப் பெருக்கும் சில்லுக்குப் பக்கத்தில் இருந்த சில கெப்பாசிட்டர்களுக்கு மேஸ்திரி அந்தக் கைகளை நீக்கி, முழுச் செம்போடு சேர்த்துப் பார்த்தார். இரைச்சல் குறைந்தது. சந்தோஷத்தில் கம்ப்யூட்டரில் 'எல்லாவற்றுக்கும்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டார்.

அந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்திருக்கலாம். ஆனால் மாதிரி போர்டுகளைத் தன் கையாலேயே பொறுமையாகச் சால்டர் செய்து காதில் ஹெட்போனை மாட்டியபோது, கோயில் மூடிய பிறகு பிரகாரத்தில் இருக்குமே, அப்படி ஓர் அமைதி. அந்த அமைதியைக் கேட்ட பிறகு யாருக்கு நிதானம் வரும்?

வரைபடம் ஊருக்கு வெளியே இருந்த தொழிற்சாலைக்குப் போனது. அங்கே கையால் சால்டர் செய்வதில்லை. ஓட்டைகள் போட்ட ஒரு தகட்டின் வழியாகப் போர்டில் ஈயப்பசை தடவி, மெஷின் பாகங்களை அதன்மேல் வைக்கும். பிறகு போர்டு பெல்ட்டில் ஏறி ஒரு நீள அடுப்புக்குள் போகும். பசை உருகி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். அடுப்புக்குப் பொறுப்பான பொறியாளரை எல்லோரும் அடுப்புக்காரர் என்றே கூப்பிட்டார்கள். முதல் சோதனைத் தொகுதி வெளியே வந்த அன்று அவர் போன் செய்தார். ஆளைப் பார்த்ததில்லை, குரல் மட்டும் லாரி ஹாரன்.

"மேடம், உங்க போர்டு அடுப்புலேர்ந்து வந்திருக்கு. கெப்பாசிட்டர் எல்லாம் எழுந்து நின்னு கைதட்டுது."

உண்மையிலேயே நின்றன. படுத்திருக்க வேண்டிய எள்மணிகள், பாதிக்குமேல், ஒரு முனையில் ஒட்டிக்கொண்டு மறுமுனையைத் தூக்கி ஒற்றைக்காலில் நின்றன. நின்ற பாகத்தில் மின்சாரம் ஓடாது. அந்தப் போர்டு குப்பை. தொழிலில் இதற்குக் கல்லறைக்கல் என்று பெயர். பிறக்காத குழந்தைக்கான கருவியில் அந்தப் பெயரை எழுத மேலாளருக்குக் கை வரவில்லை. கூட்ட அறிக்கையில் 'நிமிர்வுப் பிரச்சினை' என்று எழுதினார்.

பிறகு போன் யுத்தம். அடுப்புதான் சரியில்லை என்று மேஸ்திரி. இதே அடுப்பில் மற்ற கம்பெனி போர்டுகள் ஒழுங்காகப் படுத்துக்கொண்டு வருகின்றன என்று அடுப்புக்காரர். டிராயிங் தப்பு என்று அவர். என் போர்டு வேலை செய்வதை என் காதால் கேட்டேன் என்று இவர். கையால செஞ்சா நாற்காலிகூட வேலை செய்யும் மேடம் என்று அவர். அதற்கு இவர் போனை வைத்துவிட்டார்.

மேலாளர் சமாதானப் பிரியர். அதாவது, சண்டை போடுகிற இருவரையும் விட்டுவிட்டு மூன்றாவது ஆளைத் தேடுகிறவர். வெளியிலிருந்து ஓர் ஆலோசகரின் தயார் போர்டு கிடைத்தது. அது அடுப்பில் சமர்த்தாகப் படுத்தது. ஆனால் அதில் இதயத் துடிப்பைக் கேட்பது, மழை நேரத்தில் தகரக் கூரையின் கீழ் ரகசியம் கேட்பது மாதிரி.

"கேக்குதில்ல? போதும்," என்றார் மேலாளர். மேஸ்திரியின் போர்டுக்கு இன்னும் ஒரே ஒரு சோதனைத் தொகுதி. அதிலும் நின்றால் ஆலோசகரின் போர்டு சோப்புக்குள் போகும். மேஸ்திரி பழையபடி மற்றவர்களின் கோடுகளுக்கு ஒட்டுப்போடப் போகலாம். இதை அவர் மிகவும் மென்மையாகத்தான் சொன்னார். ஒரு பிஸ்கட்டும் கொடுத்தார்.

அன்று வீட்டில் மேஸ்திரி தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அப்படி ஒரு மௌனம் கிடைத்தால் கொழுந்தன் விடமாட்டான்.

"அண்ணி, உங்க ரோட்டுல ஒரு குழி இருந்தா பெட்டியே வேலை செய்யாது. எங்க ரோட்டுல குழி இருந்தாத்தான் அடுத்த வருஷம் எங்களுக்கு வேலை. எந்தத் தொழில் நல்ல தொழில், நீங்களே சொல்லுங்க."

"ரோடு வரையறதுக்கு முன்னாடி ரோலர் ஓட்டறவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தா குழியே விழுந்திருக்காது," என்றார் மேஸ்திரி.

சொல்லி முடித்த பிறகுதான் அது யார் தலையில் விழுகிறது என்று அவருக்கே உறைத்தது. கொழுந்தன் பெருந்தன்மையாகச் சிரிக்காமல் இருந்தான். அவனுக்கு விஷயம் புரியவில்லை என்பதும் ஒரு காரணம். புருஷன் மட்டும் தண்ணீர்ச் செம்பை மனைவி பக்கம் நகர்த்தி, "நாளைக்கு நான் வேணா பைக்ல கொண்டுவிடறேன்" என்றார்.

தொழிற்சாலையில் செருப்பைக் கழற்ற வைத்து, மின்னேற்றம் தங்காத வேறு செருப்பும் ஒரு நீலக் கோட்டும் கொடுத்தார்கள். அடுப்பு ஒரு ரயில் பெட்டி நீளத்துக்கு இருந்தது. அதன் பக்கத்தில், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கோட்டின் கைகளை மூன்று மடிப்பு மடித்துவிட்டிருந்த ஒரு சின்ன உருவம் நின்றது. லாரி ஹாரன் அதற்குள்ளிருந்துதான் வந்தது.

"வாங்க மேடம். போன்ல பேசும்போது வெச்சுட்டீங்க, நேர்ல வைக்க முடியாது."

மேஸ்திரி தோற்ற போர்டுகளை லென்ஸுக்கு அடியில் வைத்தார். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. எழுந்து நின்றவை எல்லாம் ஒரே மாதிரி நின்றன. மெல்லிய தடம் வரும் முனை ஒட்டியிருந்தது. செம்புத் தரையோடு சேர்ந்த முனை தூக்கியிருந்தது. அவ்வளவு பெரிய தரை சூட்டையெல்லாம் குடித்துவிட, அந்தப் பக்கத்துப் பசை உருகத் தாமதம். அதற்குள் மறுபக்கத்துப் பசை உருகி, பாகத்தைத் தன் பக்கம் இழுத்து நிமிர்த்திவிடுகிறது. நாலு மெல்லிய கைகளை உலகம் வைத்திருந்தது இதற்குத்தான்: சூடு தரைக்கு ஓடிவிடாமல் இருக்க. படித்த பாடம்தான். ஹெட்போனில் கேட்ட அமைதியில் மறந்துபோயிருந்தது.

"தரைப்பக்கம் எல்லாம் தூக்கியிருக்கு," என்றார்.

"அதைத்தான் ஒரு வாரமா கத்தறேன்."

"நீங்க கத்தினது டிராயிங் தப்புன்னு. இது வேற."

அடுப்புக்காரர் யோசித்தார். "சரி, வேறதான். இப்ப மனசைத் தொட்டுச் சொல்லுங்க. முழுச் செம்பு எதுக்கெல்லாம் வேணும்?"

மனதைத் தொட்டுப் பார்த்ததில் மேஸ்திரிக்கு வெட்கமாக இருந்தது. பேட்டரிப் பக்கம் வேண்டாம். விளக்குப் பக்கம் வேண்டவே வேண்டாம். ஒலியைப் பெருக்கும் சில்லைச் சுற்றியிருந்த ஒரு கைப்பிடிக் கெப்பாசிட்டர்களுக்குத்தான் நிஜமாகவே வேண்டும். அவற்றை விட்டுக்கொடுத்தால் அவர் போர்டும் தகரக் கூரை ஆகிவிடும்.

"அதுல கை வைக்க மாட்டேன்," என்றார்.

"வைக்க வேண்டாம். ஆனா நிக்குமே."

"உங்க பெல்ட் ஏன் இப்படிப் பறக்குது?"

அடுப்புக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். பெல்ட் கொஞ்சம் வேகமாகத்தான் ஓடுகிறது, போர்டுக்குச் சூடேற நேரம் போதவில்லை என்று ஒப்புக்கொண்டார். எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, டார்கெட் வந்ததிலிருந்து என்றார். இந்தத் தொகுதிக்கு மெதுவாக ஓட்டுவதாகவும் சொன்னார். அது உதவும், ஆனால் அந்தக் கைப்பிடிக் கெப்பாசிட்டர்களுக்கு அது மட்டும் போதாது என்பது இருவருக்குமே தெரிந்தது.

அடுப்பின் வாயில் போர்டுகள் ஒவ்வொன்றாக நுழைவதைப் பார்த்துக்கொண்டே நின்ற மேஸ்திரிக்கு வழி எதிர்ப்பக்கத்தில் தெரிந்தது. தரைப்பக்கத்தைக் குறைக்காமல் மறுபக்கத்தைக் கூட்டினால்? அந்தக் கெப்பாசிட்டர்களின் மறுமுனையில் வருவது மின்சாரம் கொண்டுவரும் தடம். அதை மெல்லிசாக விடாமல் ஒரு அகலச் செம்புத் துண்டாகவே போட்டால் இரண்டு பக்கமும் ஒரே அளவு சூட்டைக் குடிக்கும், ஒரே நேரத்தில் உருகும். இழுபறியில் யாரும் ஜெயிக்காவிட்டால் பாகம் படுத்தே இருக்கும். இரைச்சலுக்கும் அது நல்லதே செய்யும்.

"இடம்?" என்று ஒரே சொல்லில் கேட்டார் அடுப்புக்காரர். சோப்புக்குள் இடம் ஏது?

இடம் இருந்தது. சில்லுக்குப் பக்கத்திலேயே, விரல் நகம் அளவுக்கு, கம்பெனியின் சின்னத்தைச் செம்பில் வரைய வேண்டும் என்பது விற்பனைத் தலைவரின் உத்தரவு. திருகு போட்டு மூடிய பெட்டிக்குள், இருட்டில், யார் அதைப் பார்ப்பார்கள் என்று இதுவரை எவரும் கேட்டதில்லை. மேஸ்திரியும் கேட்கவில்லை. அழித்தார். அந்த இடத்தில் அகலச் செம்பைப் போட்டு, மற்ற கெப்பாசிட்டர்களுக்கு நாலு கைகளையும் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாவது தொகுதி ஓடிய அன்று அடுப்பின் வெளிவாயிலில் மூன்று பேர் நின்றார்கள்: மேஸ்திரி, அடுப்புக்காரர், ஆலோசகரின் போர்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு மேலாளர். முதல் போர்டு வந்தது. எல்லாம் படுத்திருந்தன. அடுத்ததும் அப்படியே. மேஸ்திரி மூச்சு விட ஆரம்பித்த நேரத்தில் மேலாளரின் விரல் நீண்டது. ஒரு போர்டின் ஓரத்தில் ஒரே ஒரு கெப்பாசிட்டர் நிமிர்ந்து நின்றது.

அடுப்புக்காரர் அதை வாங்கி லென்ஸுக்கு அடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அவர் சும்மா இருந்திருந்தால் பழி டிராயிங்குக்குப் போயிருக்கும்.

"இது இவங்க தப்பு இல்ல சார். ஒரு பக்கம் பசையே விழல. நான்தான் தகட்டைத் துடைக்காம ஓட்டிட்டேன்."

அவர் குரல் முதல்முறையாக அவர் உருவத்துக்குப் பொருத்தமாக இருந்தது. தகட்டைத் துடைத்துவிட்டு மிச்சத்தை ஓட்டினார்கள். எதுவும் நிற்கவில்லை.

ஆனாலும் மேலாளருக்கு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தூக்கம் வரும். கணக்குப் பிரிவில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் இருந்தார். மறுநாள் கூட்ட அறையில் அவரை வசதியாக உட்காரவைத்து, முதலில் ஆலோசகரின் போர்டு இருந்த கருவியை வைத்தார்கள். மழைச் சத்தம், அதற்குள் எங்கோ யாரோ நடப்பது மாதிரி. பிறகு மேஸ்திரியின் கருவி. அறைக்குள் ஒரு சின்னக் குதிரை ஓட ஆரம்பித்தது. டக் டக் டக் என்று, எதைப் பற்றியும் கவலையில்லாத ஓட்டம். விற்பனைத் தலைவர் தன் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். அவர் வாழ்நாளில் அது நடந்ததைப் பார்த்தவர்கள் இல்லை.

மேலாளர் கருவியை வாங்கக் கை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க சார்," என்றார் கணக்குப் பிரிவுக்காரர். "இன்னும் கொஞ்சம் கேட்டுக்கறேன்."

அந்தக் 'கொஞ்சம்' முடிவதற்குள் தீர்மானம் ஆகிவிட்டது. யாரும் அறிவிக்கவில்லை, மேலாளர் தன் பையைத் திறந்து ஆலோசகரின் போர்டைத் திருப்பி உள்ளே போட்டார், அவ்வளவுதான். விற்பனைத் தலைவர் மட்டும் போகிற போக்கில், போர்டில் சின்னம் நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்டார். மூடியிருக்கிற பெட்டியைத் திறந்தால் உள்ளே தூசி போய்விடும் என்று மேஸ்திரி பணிவாகத் தெரிவித்தார்.

மறுநாள் காலையில் லாரி ஹாரன் மறுபடி அடித்தது.

"மேடம், அடுத்த போர்டு எப்ப வரையப் போறீங்க?"

"ஏன், அடுப்பு காலியா இருக்கா?"

"வரையறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்துட்டுப் போங்க. பெல்ட்டை இப்ப மெதுவாவே விட்டிருக்கேன்."

"அப்ப டார்கெட்?"

"அதுவும் மெதுவாத்தான் வருது மேடம். ஆனா படுத்துக்கிட்டு வருது."

மேஸ்திரி சிரித்தார். திரையில் அடுத்த போர்டு இன்னும் ஒரு கோடுகூட விழாமல் வெறும் சட்டமாக இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்.